கிராம சபைல கத்திட்டு வந்தா வேலை நடக்காது: ஊர் பிரச்சினை ஒன்னை தீர்மானமாக்கி முடிக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

நான் முதல் தடவ கிராம சபைக்கு போனப்ப கால் மணி நேரம் பேசுனேன். தெரு லைட்டு, சாக்கடை, தண்ணி, சாயங்கால பஸ்சு, ரேஷன் கடைல எடை கம்மி, எல்லாத்தையும் ஒரே மூச்சுல. கைதட்டுனாங்க, டீக்கடைல ரெண்டு நாள் அதே பேச்சு. நாலு மாசம் கழிச்சு தீர்மான நோட்டை கேட்டு வாங்கி பாத்தா நான் பேசுன கால் மணி நேரமும் "பொதுமக்கள் அடிப்படை வசதிகள் கோரினர்"ங்கிற ஒரே வரிக்குள்ள அடங்கி போயிருந்துச்சு. அந்த வரிய வச்சு யாரும் ஒரு பல்பு கூட மாத்த முடியாது.

அதுக்கப்புறம் எங்க ஊர்லயும் அக்கம்பக்கத்து ஊர்லயும் புதுசா வர்ற தம்பிங்க, அக்காங்க எல்லாரும் இதே இடத்துல தான் தடுக்கி விழுறாங்கன்னு பாத்துட்டே இருக்கேன். கூட்டத்துல பேசுறது இந்த வேலைல ரொம்ப சின்ன பங்கு. அதுக்கு முன்னாடி ஒரு மாசம், அதுக்கு பின்னாடி மூணு நாலு மாசம், அங்க தான் விஷயமே இருக்கு. அதனால வரிசையா எழுதுறேன், வரிசைய மாத்தாதீங்க.

ஒன்னு முன்கூட்டியே சொல்லிடுறேன், இது தமிழ்நாட்டு கிராம ஊராட்சிக்கு எழுதுனது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சில இருக்கவங்களுக்கு கிராம சபை கிடையாது, அங்க பகுதி சபைன்னு வேற ஏற்பாடு. ஆனா கீழ 3, 4, 5ன்னு நம்பர் போட்டு சொல்ற வேலை முறை உங்களுக்கும் பொருந்தும்.

1. கைல என்ன வேணும்

பெருசா ஒன்னும் இல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைல், உங்க வாக்காளர் அட்டை, போட்டோ எடுக்கிற போன், ஜெராக்ஸுக்கு ஒரு நூறு ரூபா. நோட்டு எதுக்குன்னா தேதி போட்டு எழுதுறதுக்கு. யார பாத்தோம், என்ன சொன்னாங்க, எப்ப சொன்னாங்கன்னு எழுதி வைக்கலன்னா மூணாவது மாசம் "அப்படி நான் சொல்லவே இல்லயே தம்பி"ன்னு ஒரு பதில் வரும் பாருங்க, அங்க நீங்க முழிப்பீங்க.

போன்லயே எழுதிக்கிறேன்னு சில பேர் சொல்லுவாங்க. வேணாம். ஆபீஸ்ல நோட்டை விரிச்சு வச்சு எழுதுற ஆளுக்கு கிடைக்கிற மரியாதை போனை நோண்டுற ஆளுக்கு கிடைக்கிறதில்ல, அது ஏன்னு எனக்கும் புரியல ஆனா நிஜம்.

2. நீங்க அந்த சபைல உறுப்பினரா, அடுத்த கூட்டம் எப்போ

ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல யார் பேர் இருக்கோ அவங்க எல்லாரும் கிராம சபை உறுப்பினர். யாரும் நியமிக்க வேணாம், கட்சி வேணாம், சொத்து வேணாம். ஆனா இங்கயே நிறைய பேர் சறுக்குறாங்க. திருப்பூர்லயோ சென்னைலயோ வேலை பாத்துட்டு ஓட்டையும் அங்க மாத்தியிருப்பாங்க, லீவுக்கு ஊருக்கு வந்து சபைல எந்திரிச்சு பேசுவாங்க, எதிர்ல ஒருத்தர் "உனக்கு ஓட்டு எங்கப்பா இருக்கு"ன்னு ஒரே கேள்வில உக்கார வச்சிருவாரு. அப்படி ஓட்டு வெளில இருந்தா நீங்க பின்னாடி நின்னு எழுதிக்கொடுக்கிற வேலைய பாருங்க, பேசுறதுக்கு ஊர்ல ஓட்டு இருக்கவங்கள முன்னாடி நிறுத்துங்க.

கூட்டம் வருஷத்துக்கு ஆறு தடவ: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னாடி நாலு தான் இருந்துச்சு, உலக தண்ணீர் தினத்தையும் உள்ளாட்சி தினத்தையும் 2022ல சேத்தாங்க. தேதி சில நேரம் தள்ளிப்போகும், 2024ல தீபாவளி முட்டுனதால நவம்பர் 1 கூட்டத்தை 23ஆம் தேதி வச்சாங்க. ஏழு நாளைக்கு முன்னாடி அறிவிப்பு கொடுக்கணும்ங்கிறது விதி, ஆனா அறிவிப்பு வந்தப்புறம் வேலைய ஆரம்பிச்சா உங்களுக்கு இருக்கிறது ஒரே வாரம், பத்தாது. ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க.

இன்னொன்னும் பாத்துக்கோங்க, உங்க ஊர்ல இப்ப தேர்ந்தெடுத்த தலைவர் இருக்காரா, அவருக்கு பதிலா நிர்வாகம் பாக்க அரசாங்கம் போட்ட தனி அலுவலர் இருக்காரா. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த 27 மாவட்டத்துல தலைவர், வார்டு உறுப்பினர் எல்லார் பதவியும் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அங்க தனி அலுவலர் கிட்ட நிர்வாகம் போச்சு. 2021ல தேர்தல் நடந்த 9 மாவட்டத்தோட கணக்கு வேற. யார் கையெழுத்துல காசு வெளிய வருதுன்னு தெரியாம நீங்க பழைய தலைவர் வீட்டு வாசல்ல நின்னு பிரயோஜனம் இல்ல.

3. ஒரே ஒரு பிரச்சினைய எடுங்க, அது யாரோட வேலைன்னு கண்டுபிடிங்க

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு பத்து பிரச்சினைய ஒன்னா தூக்கிட்டு வர்றது. நான் பண்ணதும் அது தான். பத்து கேட்டா பத்துக்கும் சேத்து ஒரு "ஆவன செய்யப்படும்" கிடைக்கும். ஒன்னு கேட்டா ஆமாவா இல்லயான்னு அவங்க பதில் சொல்லியே ஆகணும்.

எதை எடுக்கிறதுன்னா, முதல் தடவைக்கு சின்னதா, ஊராட்சி காசுலயே முடியிறதா, ஒரு தெருவுக்காச்சும் கண்ணுக்கு தெரியிறதா எடுங்க. முதல் வேலை முடிஞ்சா தான் ரெண்டாவதுக்கு ஆள் வரும்.

அப்புறம் அது யார் பொறுப்பு. இது தெரியாம அலைஞ்சே பாதி பேர் சலிச்சு போறாங்க. ரோடுன்னா எல்லா ரோடும் ஊராட்சி ரோடு இல்ல, ஊராட்சி ஒன்றிய ரோடு இருக்கு, நெடுஞ்சாலைத்துறை ரோடு இருக்கு, ஊருக்குள்ள போற தார் ரோடே சில இடத்துல நெடுஞ்சாலைத்துறையோடது. தெரு லைட்டுல பல்பு எரியலன்னா ஊராட்சி, கம்பம் சாஞ்சு கம்பி தொங்குதுன்னா இ.பி. கண்மாய், ஏரின்னா ஆயக்கட்டு, அதாவது அதோட தண்ணில பாயுற நிலம், நூறு ஏக்கருக்கு உள்ள இருந்தா பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம் பாக்கும், அதுக்கு மேல போனா நீர்வளத்துறை. தண்ணில ஊராட்சியோட போர் தண்ணி வேற, கூட்டுக் குடிநீர் திட்டத்து தண்ணி வேற, ரெண்டாவது வரலன்னா குடிநீர் வடிகால் வாரியத்தையும் சேத்து கேக்கணும். புறம்போக்கு, ஆக்கிரமிப்புன்னா வி.ஏ.ஓ, தாசில்தார் பக்கம். யாருதுன்னு புரியலன்னா ஊராட்சி செயலரையே கேளுங்க, நம்ம ஊர் பாஷைல கிளார்க்கு. "இது நம்மளுது இல்ல"ன்னு சொல்றதுல அவரு ரொம்ப வேகமா இருப்பாரு, அதையே நமக்கு தகவலா எடுத்துக்க வேண்டியது தான்.

ஊராட்சி கைல இல்லாத விஷயத்துக்கு தீர்மானமே போட முடியாதான்னா போடலாம், சம்பந்தப்பட்ட துறைய கேட்டுக்கிற மாதிரி எழுதணும். மேலூர் பக்கம் அரிட்டாபட்டில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா 2024 நவம்பர்ல கிராம சபை தீர்மானம் போட்டாங்க, 2025 ஜனவரில மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணுச்சு. ஆனா தீர்மானத்தோட வீட்ல உக்காரல அவங்க, மதுரைக்கு ஊர்வலமா போனாங்க, கடையடைச்சாங்க. அது பெரிய வேலை. உங்க முதல் தீர்மானத்துக்கு அந்த அளவு வேணாம்.

4. போய் பாத்து, எண்ணி, அளந்து எழுதுங்க

"தண்ணியே வர்றதில்ல"ன்னு சொன்னா "நேத்து கூட வந்துச்சே"ன்னு ஒருத்தர் எந்திரிப்பாரு. ரெண்டுமே உண்மையா இருக்கும், ஏன்னா தெரு முனை வீட்டுக்கு வரும், கடைசி வீட்டுக்கு வராது. அதனால தான் அளக்கணும்.

நாங்க பண்ணது சொல்றேன். கிழக்குத் தெருவுல 46 வீடு. ஒரே சைஸ் பிளாஸ்டிக் குடம் ஒன்னு எடுத்துட்டு காலைல தண்ணி விடுற நேரத்துல முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடுன்னு மூணு இடத்துல குடம் நெறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு போன்ல பாத்தோம். அஞ்சு நாள். முதல் வீட்ல ஒரு நிமிஷத்துக்குள்ள, கடைசி வீட்ல ஏழு நிமிஷம், ரெண்டு நாள் சுத்தமா நெறயவே இல்ல. நோட்டுல தேதி போட்டு கட்டம் கட்டி எழுதுனோம். இந்த ஒரு பக்கம் தான் பின்னாடி எல்லா இடத்துலயும் பேசுச்சு, நாங்க வாயே திறக்க வேண்டியிருக்கல.

அளக்கும் போது உங்களுக்கு பிடிக்காத உண்மையும் வெளிய வரும், அதுக்கு தயாரா இருங்க. எங்களுக்கு வந்துச்சு. நடுவுல மூணு வீட்ல குழாய்ல மோட்டார் மாட்டி உறிஞ்சிட்டு இருந்தாங்க, அதுல ஒரு வீடு எங்க சித்தப்பா வீடு. இந்த இடத்துல அதை மறைச்சிட்டு ஊராட்சிய மட்டும் குறை சொன்னா கூட்டத்துல எவனாவது கண்டிப்பா எடுத்து விடுவான், அன்னைக்கு உங்க மொத்த பேச்சும் போச்சு. நாங்க பேர் சொல்லாம டேங்க் ஆபரேட்டர் அண்ணன் கிட்ட சொன்னோம், அவரு தெருவுல பொதுவா "மோட்டார் மாட்டியிருக்கவங்க எடுத்துருங்க, ஆபீஸ்ல இருந்து வந்து பாக்க போறாங்க"ன்னு சொல்லிட்டு போனாரு. ரெண்டு வீட்ல எடுத்துட்டாங்க. சித்தப்பா எடுக்க ஒரு மாசம் ஆச்சு, என்கூட பேச இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு.

அந்த டேங்க் ஆபரேட்டர் மாதிரி ஆட்கள சும்மா நினைக்காதீங்க. எந்த கேட் வால்வு பழுது, எந்த லைன் எங்க போகுதுன்னு இன்ஜினியருக்கு தெரியாதது அவருக்கு தெரியும். தூய்மைக் காவலர் அக்காங்களும் அப்படி தான், சாக்கடை எங்க அடைக்குதுன்னு அவங்கள கேட்டா போதும். அவங்க மேல புகார் சொல்ற மாதிரி போகாதீங்க, கூட நின்னு கேளுங்க. எங்க பிரச்சினைக்கு "பள்ளிக்கூடத்து முக்குல ஒரு வால்வு போட்டு இந்த தெருவுக்கு தனியா ஒரு மணி நேரம் விட்டா போதும் தம்பி"ன்னு தீர்வு சொன்னதே அவரு தான், புது டேங்க் வேணும்னு கேக்க இருந்தோம் நாங்க.

5. ஆள் சேக்கிறது

இது தான் கஷ்டமான கட்டம், இதுக்கு தான் மாசத்துல பாதி நாள் போகும்.

குறைவெண் வரம்புன்னு ஒன்னு இருக்கு. ஊராட்சி மக்கள் தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 501ல இருந்து 3,000 வரைக்கும் 100 பேர், 3,001ல இருந்து 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேல 300 பேர் வந்திருக்கணும். அவ்ளோ பேர் வரலன்னா கூட்டமே செல்லாது. நிஜத்துல என்ன நடக்கும்னா முப்பது பேர் உக்காந்திருப்பாங்க, நோட்டு மட்டும் வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வரும். உங்க ஆளுங்க நாற்பது பேர் நேர்ல வந்து உக்காந்தா அன்னைக்கு அந்த சபையோட கனமே வேற மாதிரி இருக்கும்.

வாட்சப் குரூப்ல மெசேஜ் போட்டா ஆள் வராது. தம்ஸ்அப் வரும். வீடு வீடா போகணும், ஒரு தடவ முன்கூட்டி, ஒரு தடவ முந்தின நாள் சாயங்காலம். பெண்கள பாக்கணும்னா நூறு நாள் வேலை நடக்கிற இடத்துல இடைவேளைல உக்காந்திருக்கப்ப போங்க, இல்லன்னா மகளிர் குழு கூடுற அன்னைக்கு. ஆம்பளைங்க பத்து பேர் வந்து சத்தம் போடுறத விட, குடம் தூக்குற அக்கா ஒருத்தங்க எந்திரிச்சு "ஏழு நிமிஷம் நிக்கிறேன் சார்"னு சொல்றது நாலு மடங்கு எடுபடும். ஆனா அவங்கள நீங்களா தள்ளி விடாதீங்க, முன்னாடியே "அக்கா நீங்க இத மட்டும் சொல்லுங்க போதும்"னு பேசி வச்சுக்கோங்க, வீட்லயும் சங்கடம் வராம பாத்துக்கோங்க.

இப்ப யாரும் எழுத மாட்டேங்கிற விஷயம் ஒன்னு. ஊர்த் தெருக்காரங்க ஊர்த் தெருவுலயே கூடி பேசிட்டு, காலனிக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லி அனுப்புறது. அப்படி பண்ணா அவங்க வர மாட்டாங்க, வரவும் வேண்டியதில்ல. போய் அவங்க தெருவுல உக்காந்து அவங்க பிரச்சினை என்னன்னு கேளுங்க, நிறைய ஊர்ல உங்களோடத விட அவங்களது தான் அவசரமா இருக்கும், அப்ப அதையே முதல் தீர்மானமா வைங்க, உங்களது அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். கூட்டத்தை கோயில், மசூதி, சர்ச் வளாகத்துல நடத்தக் கூடாதுன்னும் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் சுழற்சில மாத்தி நடத்தணும்னும் அரசாங்கமே சொல்லியிருக்கு. உங்க ஊர்ல எப்பவும் ஒரே மரத்தடில தான் நடக்குதுன்னா அதை மாத்த சொல்லி கேக்கிறதே நல்ல முதல் மனு.

கட்சிக்காரங்கள என்ன பண்றது? எல்லா கட்சிக்காரங்க கிட்டயும் ஒரே நாள்ல போய் சொல்லிடுங்க. ஒருத்தர் கிட்ட மட்டும் சொன்னீங்கன்னா மத்தவங்க கண்ணுல உங்க தண்ணிக்கு கொடி மொளச்சிரும்.

6. மனுவும் தீர்மான வாசகமும் முன்னாடியே எழுதுங்க

கூட்டத்துக்கு பத்து நாள் முன்னாடி ஊராட்சி ஆபீஸ்ல மனு கொடுங்க, இந்த பொருளை கூட்டத்துல சேக்கணும்னு. ரெண்டு காப்பி எடுத்துட்டு போய் ஒன்னுல தேதியோட கையெழுத்து, சீல் வாங்கிக்கோங்க. "அதெல்லாம் எதுக்கு தம்பி, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லுவாங்க. சிரிச்சிட்டே "இல்லண்ணே, தெருக்காரங்க கேப்பாங்க"ன்னு சொல்லி வாங்கிடுங்க. கொடுக்கவே மாட்டேன்னா அதே மனுவ பதிவுத் தபால்ல அனுப்புங்க, ஒரு காப்பி பி.டி.ஓ.வுக்கும், அதாவது ஒன்றிய ஆபீஸ்ல இருக்க வட்டார வளர்ச்சி அலுவலருக்கும்.

அடுத்து தீர்மான வாசகம். இத நீங்களே எழுதி எடுத்துட்டு போகலன்னா எழுதுறவரு அவர் வசதிக்கு எழுதுவாரு, அது தான் அந்த "அடிப்படை வசதிகள் கோரினர்". நாங்க எழுதுனது இது:

"நமது ஊராட்சி 3-வது வார்டு கிழக்குத் தெருவில் வசிக்கும் 46 குடும்பங்களுக்குப் போதிய குடிநீர் கிடைக்காததால், பள்ளிக்கூடச் சந்திப்பில் தனி கேட் வால்வு அமைத்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் கிழக்குத் தெருவுக்குத் தனியாகக் குடிநீர் வழங்கவும், இதற்கான செலவினை ஊராட்சி நிதியிலிருந்து மேற்கொள்ளவும், பணியினை மூன்று மாதங்களுக்குள் முடிக்கவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

எந்த இடம், எத்தனை குடும்பம், என்ன வேலை, எந்த காசு, எப்போக்குள்ள. இந்த அஞ்சுல ஒன்னு இல்லன்னாலும் அந்த ஓட்டை வழியா வேலை நழுவி போயிரும். முக்கியமா "கோருகிறது"ன்னு எழுதாதீங்க, ஊராட்சி கைல இருக்க வேலைக்கு "தீர்மானிக்கிறது"ன்னு தான் எழுதணும். வேற துறைக்குன்னா மட்டும் "கேட்டுக்கொள்கிறது".

7. கூட்டத்தன்னைக்கு

அரை மணி நேரம் முன்னாடி போங்க. பதினோரு மணின்னு போட்டிருந்தா பத்தரைக்கு. உங்க ஆளுங்க ஒரே கும்பலா உக்காராம பரவி உக்காரட்டும், கும்பலா இருந்தா "அந்த தெருக்காரனுங்க"ன்னு ஒரே வார்த்தைல ஒதுக்கிடுவாங்க.

வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அது எந்த பக்கம்னு பாருங்க. மேல தலைப்பு, தேதி எழுதியிருக்கணும். வெத்து தாள்ல, "பின்னாடி எழுதிக்கிறோம்"னு நீட்டுற தாள்ல போடாதீங்க. எங்க ஊர்ல ஒரு தடவ வயசானவங்க எல்லார் கிட்டயும் முதல்லயே கையெழுத்தும் கைரேகையும் வாங்கிட்டாங்க, டீ, பிஸ்கட் கொடுத்தாங்க, பாதி பேர் கிளம்பிட்டாங்க, அப்புறம் என்ன தீர்மானம் போட்டாங்கன்னு யாருக்குமே தெரியல. அதனால உங்க கூட வர்ற பெரியவங்க கிட்ட "தாத்தா, கடைசி வரைக்கும் இருந்துட்டு போவோம்"னு முன்னாடியே சொல்லிடுங்க.

வேற துறைல இருந்து பற்றாளர்னு ஒருத்தர் வந்திருப்பாரு. அவர் யாருன்னு கேட்டு பேர், பதவிய நோட்டுல எழுதிக்கோங்க. கூட்டம் ஒழுங்கா நடந்துச்சான்னு பாக்க வந்தவரு அவரு, நிறைய நேரம் போட்டோ எடுத்துட்டு கிளம்ப பாப்பாரு. மரியாதையா உங்க மனுவோட ஒரு காப்பிய அவர் கைலயும் கொடுத்துட்டா அவரும் நிமிந்து உக்காருவாரு.

வரவு செலவு கணக்கை வாசிப்பாங்க. வேகமா வாசிப்பாங்க. எல்லாத்தையும் கேள்வி கேக்காதீங்க, உங்க பிரச்சினை சம்பந்தப்பட்ட ஒரு தலைப்புல மட்டும், எங்களுக்குன்னா குடிநீர் பராமரிப்பு, இந்த வருஷம் எவ்ளோ செலவாச்சு, எந்த தெருவுலன்னு கேளுங்க. பதில் வரலன்னா "அப்புறம் ஆபீஸ்ல வந்து பாத்துக்கிறோம்"னு சொல்லி விட்டுடுங்க. அதை பிடிச்சு சண்டையாக்குனா உங்க தீர்மானத்துக்கு நேரமே இருக்காது, அதுக்குன்னே சண்டைய இழுக்கிற ஆளும் இருப்பாங்க.

உங்க முறை வந்தா மூணு நிமிஷம் தான். அளந்த பக்கத்தை காட்டுங்க, அக்கா ஒருத்தங்க ரெண்டு வாக்கியம் பேசட்டும், தீர்மான வாசகத்தை சத்தமா வாசிங்க, எழுதுன தாளை கைல கொடுங்க. அப்புறம் ஒரே கேள்வி: "இத நோட்டுல எழுதிட்டு வாசிச்சு காட்டுங்க சார்." எழுதி முடிக்கிற வரைக்கும் உக்காராதீங்க. "கூட்டம் முடிஞ்சு எழுதிக்கிறோம்"னு சொன்னா "பரவால்ல சார், நாங்க இருக்கோம்"னு இருங்க. நாங்க மதியம் ஒன்றரை மணி வரைக்கும் இருந்தோம், வெயில்ல, அப்படி காத்திருந்த நேரத்துல தான் எங்க வேலை நடந்துச்சுன்னு வச்சுக்கோங்க.

கோவப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன், கோவம் வர்ற மாதிரி தான் பேசுவாங்க. ஆனா ஒருமைல பேசிடாதீங்க. நீ, வான்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அன்னைக்கு பேச்சு தண்ணிய விட்டுட்டு மரியாதைக்கு போயிரும், போலீஸ் வரைக்கும் போன ஊரும் இருக்கு.

8. கூட்டம் முடிஞ்சப்புறம்

பத்து பேர்ல ஒன்பது பேர் இங்க தான் விடுறாங்க.

அதே வாரத்துல தீர்மானத்தோட நகல் கேட்டு எழுத்துல மனு கொடுங்க. கொடுத்தா நல்லது, இல்லன்னா தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்.டி.ஐ.) ஊராட்சியோட பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 30 நாளைக்குள்ள பதில் வரணும், வரலன்னா முதல் மேல்முறையீடு. ஆர்.டி.ஐ.ல "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கிற கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. "இந்த தேதி கிராம சபை தீர்மானங்களின் நகல்", "குடிநீர் பராமரிப்பு செலவுச் சீட்டுகளின் நகல்" இப்படி பேப்பரா கேளுங்க. ஆனா எடுத்த எடுப்புல ஆர்.டி.ஐ. போடாதீங்க, அதோட கிளார்க்கு உங்கள எதிரியா பாக்க ஆரம்பிச்சிருவாரு, அவர் கிட்ட இன்னும் எத்தனையோ வேலை இருக்கு நமக்கு.

நகல் கைக்கு வந்ததும் நோட்டுல மூணு தேதி குறிங்க, ஒரு மாசம், ரெண்டு மாசம், மூணு மாசம். முதல் மாசம் ஊராட்சி ஆபீஸ், மதிப்பீடு போட்டாச்சான்னு கேக்க. ரெண்டாவது மாசம் நகலோட பி.டி.ஓ. ஆபீஸ், ரெண்டு மூணு பேரா, தனியா போகாதீங்க. மூணாவது மாசமும் அசையலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு, கூடவே தீர்மான நகலும் அளந்த பக்கமும். மனு நம்பர் கொடுப்பாங்க, அதை பத்திரமா வைங்க. இந்த வரிசைய மாத்தி முதல்லயே கலெக்டர் கிட்ட போனா அந்த மனு கீழ இறங்கி இறங்கி கடைசில அதே கிளார்க்கு மேசைக்கு தான் வரும், அதுவும் கோவத்தோட.

எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. நடுவுல பி.டி.ஓ. மாறுனாரு, புதுசா வந்தவருக்கு முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருந்துச்சு, நோட்டு இருந்ததால அரை மணி நேரத்துல முடிஞ்சுது. வால்வு போட்ட அன்னைக்கு யாரும் மாலை போடல, நாங்க மூணு பேர் நின்னு மண்ணை மூடிட்டு டீ குடிச்சோம்.

9. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல

வேலை இருந்தா மட்டும் ஆபீஸ் பக்கம் போற ஆளா இருக்காதீங்க. வீட்டு வரி, தண்ணி வரிய முதல்ல கட்டுங்க, இப்ப ஆன்லைன்லயே கட்டலாம். பாக்கி வச்சுட்டு கேள்வி கேட்டா அந்த பாக்கியை தான் கூட்டத்துல வாசிப்பாங்க.

புள்ளைங்க அரசுப் பள்ளில படிச்சா பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு போங்க. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், உறுப்பினர்ல பாதி பெண்களா இருக்கணும். ஊர் கூட்டத்துல பேச பயப்படுற அக்காங்களுக்கு அது ரொம்ப நல்ல இடம், அங்க பேசி பழகிட்டு கிராம சபைல அசராம நிப்பாங்க, எங்க ஊர்ல ரெண்டு பேர் அப்படி வந்தவங்க தான்.

வாட்சப் குரூப் வச்சுக்கோங்க ஆனா தெருவுக்கு ஒன்னா, ஊர் தகவலுக்கு மட்டும். காலை வணக்கமும் கட்சி வீடியோவும் வர ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துல எல்லாரும் மியூட்ல போட்டுருவாங்க, அப்புறம் கூட்ட தேதிய போட்டாலும் பாக்க மாட்டாங்க.

அப்புறம் டேங்க். மேல்நிலைத் தொட்டிய என்னைக்கு கழுவுனாங்கன்னு தொட்டிலயே பெயிண்ட்ல தேதி எழுதியிருப்பாங்க, அந்த பக்கம் போறப்ப எல்லாம் ஒரு பார்வை பாருங்க. தேதி பழசா இருந்தா ஒரு போட்டோ எடுத்து கிளார்க்குக்கு அனுப்புங்க, கூட ஒரு வார்த்தையும் எழுத வேணாம். எங்க ஊர்ல பெரும்பாலும் அடுத்த வாரமே ஏணி சாத்தி ஆள் ஏறியிருக்கும்.